காரணம் சொல்லும் வியாழக்கிழமை

எங்கள் மருத்துவமனையில் புற்றுநோயால் செத்தவர்களின் எண்ணிக்கையை, அந்த நோயின் காரணத்துக்காக வெட்டுப்பட்டுச் செத்தவர்களின் எண்ணிக்கை எட்டிப் பிடிக்கப் பார்த்த வருடம் அது. முதல் வகையினர் கட்டிலில் செத்தார்கள். இரண்டாம் வகையினர் கடைவாசலிலும் வரப்பிலும் பஸ் ஸ்டாண்டிலும் செத்தார்கள். இரண்டு வகையும் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்தன.

நான் ஞானசௌந்தரி. செங்கமடை அரசு தலைமை மருத்துவமனையில் நோய்க்குறியியல் மருத்துவர். உடம்பிலிருந்து கிள்ளியெடுத்த சதைத் துணுக்கைப் பார்த்து இது இன்ன நோய் என்று சொல்வது என் வேலை. ஆள் பற்றாக்குறையில் பிணப் பரிசோதனையும் என் தலையில்தான். நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான் இந்தப் படிப்பையே எடுத்தேன். எனக்கு வாய் நீளம், பொறுமை குட்டை. பின்னால் ஒரு நாள் அரசாங்கம் ஓர் இயந்திரத்தை அனுப்பி என்னை மைக்கின் முன்னால் நிறுத்தும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் வேர்மானி. சனங்கள் வைத்த பெயர் சாட்சிப்பெட்டி. ஓர் அரிசி மூட்டை அளவுதான் இருக்கும். கட்டியின் துணுக்கை உள்ளே வைத்தால், அந்தக் கட்டியை விதைத்தது எந்தப் பொருள், எந்த வயதில் விதைத்தது, ஒரே அடியாகவா தினம் கொஞ்சமாகவா என்று சொல்லிவிடும்.

"அதெப்படி மேடம் அதுக்குத் தெரியும்?" என்று இன்ஸ்பெக்டர் வெயிலுமுத்து முதல் நாளே வந்து கேட்டார்.

"ஒரு பிணத்தைப் பாத்ததும் இது அரிவா வெட்டு, இது கம்பி அடி, இது கத்திக்குத்துன்னு நீங்க சொல்லுவீங்கல்ல?"

"அது சொல்லிருவோம்."

"அதேதான். புகையிலை ஒரு மாதிரி வெட்டும், வெயில் ஒரு மாதிரி வெட்டும், சாயம் ஒரு மாதிரி வெட்டும். வெட்டுப்படுறது மரபணு. காயம் பொடிசு, அவ்வளவுதான்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "அப்ப இனிமே கேன்சர்ல செத்தாலும் கொலைக் கேஸுங்கீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சனங்களைப் பற்றிப் போலீஸ்காரர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

சட்டமும் பின்னாலேயே வந்தது. காரணத்தை அறிவது உறவினர்களின் உரிமை. காசு வாங்கிக்கொண்டு மாற்றி எழுதிவிடுவார்கள் என்று யாரோ வழக்குப் போட்டதால், எழுதிக் கொடுக்கக் கூடாது, எல்லோர் முன்னிலையிலும் வாயால் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது. எனவே ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலையில் மருத்துவமனைப் போர்ட்டிகோவில் மைக் கட்டி நான் காரணம் சொன்னேன். திருவிழா போலக் கூட்டம் கூடியது. சுண்டல் விற்றார்கள். துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள்கூட "எப்பச் செத்தாக?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "காரணம் கேட்டாச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

கோர்ட்டுகளும் ஒரு புது வார்த்தை கண்டுபிடித்தன. காரணப் பழி. இயந்திரம் உறுதி செய்த காரணத்துக்காக ஒருவன் கொலை செய்தால், அது சாதாரணக் கொலை அல்ல, துக்கத்தில் செய்தது. சீக்கிரம் ஜாமீன், குறைந்த தண்டனை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எங்கள் ஊரில் ஆத்திரக்காரனுக்குச் சட்டமும் கூட வந்தது.

இரண்டாம் வியாழக்கிழமையே ஓர் எண்ணெய்க்கடைக்காரரைப் போர்ட்டிகோவில் வெட்டினார்கள். மனிதர், செத்தவருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை. துக்கத்துக்குத்தான் வந்திருந்தார். "கலப்பட எண்ணெய், பத்து வருசமா" என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, செத்தவரின் மகன் திரும்பினான். முதல் வெட்டில் காதும் தோளும் பிளந்தன. அவர் படியில் உட்கார்ந்து, "எலேய், நான் உன் தாத்தாடா" என்றார். இரண்டாவது வெட்டு வாயிலேயே விழுந்தது. என் வெள்ளைக் கோட்டின் முன்பக்கம் முழுக்க ரத்தம். மைக் ஆன் செய்தபடியே கிடந்ததால், அவர் மூச்சு இழுத்தது ஸ்பீக்கரில் தெருமுனை வரைக்கும் கேட்டது.

நான் ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். ஏற்கவில்லை. வேறு ஆள் இல்லையாம்.

அதற்குப் பிறகு நான் காரணங்களைத் தரம் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். வெட்ட ஆள் உள்ள காரணம், வெட்ட ஆள் இல்லாத காரணம். ஆண்களுக்கு வருவதில் பாதி வாய்ப்புற்று. பாக்கு, புகையிலை. தானே போட்டுக்கொண்டது, யாரை வெட்டுவது? நிம்மதியாகச் சொல்வேன். பெண்களுக்கு மார்பு, கருப்பை வாய். பெரும்பாலும் பொருள் என்று எதுவும் வராது. "இதுக்கு வெளிக்காரணம் இல்லை" என்பேன். கூட்டம் ஏமாற்றத்தோடு கலையும்.

பிறகு அந்தப் பெண்கள் வரத் தொடங்கினார்கள்.

சிறுநீரில் ரத்தம் என்று வந்தார்கள். எல்லாரும் நாற்பதை ஒட்டியவர்கள். சிறுநீர்ப்பையில் புற்று. அது பீடி குடிக்கிற வயதான ஆண்களுக்கு வருகிற நோய். இவர்கள் பீடியைக் கையால் தொட்டவர்கள் அல்ல. சாட்சிப்பெட்டி எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னது. சாயப்பொடி. இருபது வயதை ஒட்டித் தொடக்கம். வாய்வழியாக. தினம் கொஞ்சம்.

எங்கள் வட்டாரத்தில் சாயப்பொடி செய்கிற ஆலை ஒன்றே ஒன்றுதான் உண்டு.

முதலில் செத்தவள் குருவம்மாள். புருஷன் எப்போதோ போய்விட்டான். அவளையும் அவள் பிள்ளைகள் சங்கிலியையும் மாரிக்கனியையும் காப்பாற்றியது அவள் அண்ணன் இருளப்பன். அந்த ஆலையிலேயே மூட்டையும் நீல ட்ரம்மும் ஏற்றி இறக்குகிற கூட்டத்துக்குத் தலைவன். தங்கச்சி குடும்பத்துக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாதவன். எங்கள் லிஃப்ட் வழக்கம்போல ஓடவில்லை. மூன்றாம் மாடிக்கு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவான், இறங்குவான். அவள் அவன் காதைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போ, மாடு" என்று திட்டிக்கொண்டே போவாள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

அவளுக்கான வியாழக்கிழமை நான் காரணத்தைச் சொன்னபோது கூட்டம் சத்தமே போடவில்லை. இருளப்பன் மட்டும் கேட்டான்.

"எந்தச் சாயப்பொடி, டாக்டரம்மா?"

"பொருளைத்தான் இயந்திரம் சொல்லும். யாரோடதுன்னு சொல்லாது."

"அது போதும்" என்றான்.

மதியத்துக்குள் ஆலை மேனேஜர் பத்மநாபன் என் மேசைக்கு வந்துவிட்டார். அவரை அறையிலிருந்து முடியைப் பிடித்து இழுத்து வந்து முற்றத்தில் மல்லாத்தி, நான்கு பேர் கைகாலைப் பிடித்துக்கொள்ள, இருளப்பன் வாயில் சாயப்பொடியை அள்ளி அள்ளி அடைத்திருக்கிறான். "குடி, நீயும் குடி" என்று தண்ணீர் ஊற்றியிருக்கிறான். மூச்சு அடங்கும் முன்பே வெட்டியிருக்கிறார்கள். பல், நாக்கு, தொண்டை, இரைப்பை எல்லாம் மஞ்சள். நான் எத்தனையோ உடம்புகளை அறுத்தவள். அப்படி ஒரு மஞ்சளை எந்த உடம்பிலும் பார்த்ததில்லை.

இருளப்பனுக்குச் சீக்கிரமே ஜாமீன் கிடைத்தது. ஊர் எல்லையில் மாலை போட்டு வரவேற்றார்கள்.

ஆனால் எனக்குக் கணக்கு உதைத்தது. சுகாதாரத் துறை ஆட்கள் அறுபது ஊர்களிலும் குழாய்த்தண்ணீர், கிணற்றுத்தண்ணீர், லாரித்தண்ணீர் எல்லாவற்றையும் பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதித்தார்கள். எதிலும் சாயப்பொடி இல்லை. ஆலைக்கு ஒட்டிய ஊரில் நோய் குறைவு. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில் ஒரே தெருவில் மூன்று பெண்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்றுமில்லை.

விடை வார்டிலேயே இருந்தது. பார்வை நேரத்தில் நான் அங்கே சும்மா போய் நிற்பேன். பெண்கள் வார்டுக்குப் புருஷன்மார் அதிகம் வரமாட்டார்கள். வந்தாலும் செல்போனைப் பார்த்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்பார்கள். ஆனால் சிறுநீர்ப்பைக்காரிகளின் கட்டில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆண் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து சோறு பிசைந்துகொண்டிருந்தான். விசாரித்தால் அண்ணன், அல்லது தம்பி. ஒரு கட்டில்கூடத் தப்பவில்லை. அண்ணன் தம்பி இல்லாத ஒருத்திக்குக்கூட அந்த நோய் இல்லை.

உலகத்தில் எந்தப் புற்றுநோயும் ஒருத்திக்கு அண்ணன் இருக்கிறானா என்று கேட்டுவிட்டு வருவதில்லை.

கடைசிக் கட்டிலில் சுடலைவடிவு என்று ஒருத்தி இருந்தாள். மார்பில் புற்று. அந்த மூன்று பெண்களும் அவள் தெருக்காரிகள்தான். அவளிடம் கேட்டேன்.

"உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?"

"நான் ஒத்தப் பிள்ளை டாக்டரம்மா. அதச் சொல்லிச் சொல்லியே எங்க மாமியா என்னைய வச்சு வாட்டுனா. ஒரு ட்ரம்முக்குக்கூட நாதியில்லாம வந்தவன்னு."

"என்ன ட்ரம்மு?"

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். டாக்டருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்திருப்பாள். "ட்ரம் சீரு. பெரிய பஞ்சத்துல தொடங்குனது. லாரித் தண்ணி எட்டு நாளைக்கு ஒருக்காத்தான வரும்? தண்ணியில்லாத வீட்டுல தங்கச்சி என்ன செய்வான்னு கூடப்பிறந்தவன் ஒரு ட்ரம்மு தண்ணிய வண்டியில ஏத்தி, மஞ்ச குங்குமம் வச்சு, மேளத்தோட கொண்டாந்து அடுப்படியில எறக்கி வைப்பான். பழசாயிட்டா ஆடிக்கு ஆடி வேற மாத்தித் தருவான். எங்க வீட்டுல சிமெண்டுத் தொட்டிதான். அந்தத் தண்ணியத்தான் நான் குடிச்சேன்."

"நீல ட்ரம்மா?"

"ஆமா. நல்ல கெட்டி ட்ரம்மு. கடையில கிடைக்காது."

எங்கள் அதிகாரிகள் குழாயடி வரைக்கும் போனார்கள், அடுப்படிக்குள் போகவில்லை. நான் சுடலைவடிவின் தெருவுக்கே போய் ஒரு ட்ரம்மின் அடித் தண்ணீரை எடுத்து வந்தேன். சாயப்பொடி இருந்தது. ஆண்கள் விடிந்தால் வேலைக்குப் போய் வெளியில் குடித்தார்கள். வீட்டோடு கிடந்து இருபது வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தவள் சீர் வாங்கியவள். பிள்ளைகளும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டரை அழைத்துச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டாங்கன்னு சொல்லுவாங்க மேடம். உதவுனதுதான் வினையாப் போச்சு."

"வியாழக்கிழமை சொல்லணும்."

"சொன்னா என்னாகும் தெரியுமா? அறுபது ஊரு. அடுப்படிக்கு ஒரு ட்ரம்மு, ட்ரம்முக்கு ஒரு அண்ணன். மச்சானை மச்சான் வெட்டுவான். மாமனை மருமகன் வெட்டுவான். ஏங்கிட்ட இருக்கது பதினோரு போலீசு."

"சொல்லலைன்னா நாளைக்குக் காலையிலயும் பிள்ளைங்க அதத்தான் குடிக்கும்."

அவர் பதில் சொல்வதற்குள் கதவு உதைபட்டுத் திறந்தது. இருளப்பன் வந்திருந்தான். குடித்திருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் இருப்பதை அவன் பொருட்படுத்தவே இல்லை.

"டாக்டரம்மா, வியாழக்கிழம மொதலாளி பேரச் சொல்லுங்க. எடுபிடியக் கொன்னு என்ன செய்ய? அவன் மெட்ராசுல ஏசியில உக்காந்திருக்கான். நீங்க பேரச் சொன்னாத்தான் சட்டப்படி ஆகும்."

"இயந்திரத்துக்குப் பேரெல்லாம் தெரியாது. வெளிய போங்க."

அவன் முதுகுப் பக்கமிருந்து அரிவாளை உருவி என் மேசையில் ஓங்கிப் போட்டான். கண்ணாடித் தகடுகள் சிதறின. ஒன்று என் கன்னத்தைக் கீறியது. இன்ஸ்பெக்டர் துப்பாக்கியில் கை வைத்தார். பயந்திருக்க வேண்டிய நேரம். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மஞ்சள் வாய் கண்முன் நின்றது.

"பேரு வேணுமா? உங்க தங்கச்சி அடுப்படியில இருக்கிற நீல ட்ரம்மு எங்கேருந்து வந்துச்சு?"

"அது சீரு."

"எங்கேருந்து வந்துச்சுன்னு கேட்டேன்."

"ஆலையிலேருந்து. எல்லாரும் எடுக்கதுதான். சாயப்பொடி வந்த காலி ட்ரம்மு..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். அரிவாளின் மேலிருந்த கையை எடுத்தான். அவன் முகத்தை நான் பார்த்தேன். இந்தப் படிப்பை நான் எதற்காக எடுத்தேனோ அது அன்றோடு வீணானது.

"கழுவித்தான் குடுத்தேன்" என்றான். "புளி போட்டு, சாம்பல் போட்டு, வெயில்ல காயவச்சு, மூணு தடவை கழுவுனேன். வாடையே இல்லையே."

"பிளாஸ்டிக்குக்குள்ள ஊறுனது கழுவுனா போகாது. கொஞ்சம் கொஞ்சமா தண்ணியில எறங்கிட்டே இருக்கும்."

அவன் தரையில் உட்கார்ந்தான். சிதறிய கண்ணாடியைப் பார்த்தபடி பேசினான். எங்களிடம் பேசினானா தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியவில்லை.

"அந்த மேனேஜரு இங்க வந்த புதுசுல காலி ட்ரம்முக்கெல்லாம் ஓட்ட போட்டான். யாரும் கொண்டு போகக் கூடாதுன்னான். நான்தான் வேலைய நிறுத்துனேன். அவன குடோனுக்குள்ள வச்சுப் பூட்டி ஒரு நாள் பூரா பச்சத் தண்ணி குடுக்கல. தங்கச்சிக்குச் செய்யிற சீரத் தடுக்க நீ யாருலேன்னு மூஞ்சில துப்புனேன். அவன் என்னமோ சொன்னான், வெசம் அது இதுன்னு. ஓசி ட்ரம்மு தரப் பொறுக்காமச் சொல்லுதான்னு நெனச்சோம். அப்புறம் ஓட்ட போடுறத விட்டுட்டான்." கொஞ்சம் நிறுத்தினான். "அன்னைக்கும் அதத்தான் சொல்ல வந்திருக்கான். 'ட்ரம்மு, ட்ரம்மு'ன்னான். நான்தான் வாயில பொடிய அடைச்சேன்."

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியிலிருந்து கையை எடுத்தார்.

"மத்த அண்ணன் தம்பிகளையும் வெட்டுவாங்களோ?" என்று கேட்டான்.

"வெட்டுவாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "இல்லைன்னா அவனுகளே தூக்குல தொங்குவானுக."

இருளப்பன் எழுந்து, சிதறிக் கிடந்த கண்ணாடித் துண்டுகளைக் கையால் கூட்டி ஓரமாக ஒதுக்கினான். அரிவாளை எடுத்துக்கொள்ளவில்லை. போகும்போது, "வியாழக்கிழம எனக்கு மைக்கு குடுங்க டாக்டரம்மா, ஒரு நிமிசம்" என்றான்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்தது. புரியாதவள்போல் தலையாட்டினேன். ஒரு மனிதனைச் சாகக் கொடுக்க நான் சம்மதித்தேன் என்பதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்தான்.

அந்த வியாழக்கிழமை கூட்டம் ரோட்டைத் தாண்டி நின்றது. நோயாளிப் பெண்களின் புருஷன் வீட்டார் ஒரு பக்கம், அண்ணன் தம்பிகள் ஒரு பக்கம். வேட்டி மடிப்பில் எது இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். நான் மைக்கைப் பிடித்து, "சாயப்பொடி வந்த காலி ட்ரம்மு. சீரா வந்த நீல ட்ரம்மு. அதுல பிடிச்சு வச்ச தண்ணி" என்றேன். ஒரு கணம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. புருஷன் வீட்டுப் பக்கத்திலிருந்த தலைகள் ஒவ்வொன்றாக அண்ணன் தம்பிகள் பக்கம் திரும்பின. அந்தத் திரும்பலை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன்.

இருளப்பன் படியேறி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினான்.

"எல்லாரும் கேளுங்க. ஆலையிலேருந்து அந்த ட்ரம்மெல்லாம் திருடுனது நான். கழுவுன ட்ரம்மு, நல்ல ட்ரம்முன்னு பொய் சொல்லி எல்லாருக்கும் வித்தது நான். அதுல வெசம் இருக்குன்னு எனக்கு முந்தியே தெரியும். அத மேனேஜரு வெளிய சொல்லிருவான்னுதான் அவனக் கொன்னேன். உங்க மச்சான்மாருக்கு ஒண்ணுந் தெரியாது. அவுகள ஒண்ணுஞ் செய்யாதீக. வீட்டுக்குப் போயி மொத வேலையா ட்ரம்ம ஒடைங்க."

பொய். அங்கே நின்ற ஒவ்வோர் அண்ணனும் தம்பியும் தன் ட்ரம்மைத் தானே ஆலை வாசலில் போய் நின்று, கெஞ்சியோ சண்டைபோட்டோ வாங்கி வந்தவன். இருளப்பனிடம் யாரும் ஒரு ட்ரம்கூட வாங்கியதில்லை. அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் புருஷன் வீட்டார் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருளப்பனை வெட்டாமல் நிற்கிறவன், தான் கொடுத்த ட்ரம்முக்குத் தானே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் படியேறியவன் வார்டில் அக்காவுக்குச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி. அழுதுகொண்டே வந்தான், அழுதுகொண்டே வெட்டினான். அப்புறம் எல்லோரும் வந்தார்கள். இருளப்பன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. முழங்கால் மடிந்து என் பக்கம் சரிந்தான். என் சேலையைப் பிடித்தான், பிறகு விட்டுவிட்டான். கடைசியாகச் சங்கிலி வந்தான். அவன் வளர்த்த பையன். வெட்டியவர்களிலேயே இருளப்பன் சொன்னதை நம்பியவன் அவன் ஒருவன்தான். "எங்கம்மாவக் கொன்னுட்டியே, மாமா" என்று கத்தியபடி கழுத்தில் வெட்டினான். இருளப்பனின் கண் திறந்திருந்தது. அவனைப் பார்த்துக்கொண்டேதான் செத்தான்.

போலீஸ் உள்ளே புகுந்தபோது மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். சங்கிலி மட்டும் கத்தியோடு அங்கேயே நின்றான்.

அன்று மாலைக்குள் அறுபது ஊர்களிலும் ட்ரம்கள் உடைந்தன. கோடாலியால், கடப்பாரையால், ட்ராக்டரை ஏற்றி. தெருவெல்லாம் நீலச் சில்லுகள். ஒரு மச்சானும் சாகவில்லை.

மறுநாள் இருளப்பனின் உடம்பைத் தைத்து முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மாரிக்கனி வந்தாள். பத்தொன்பது வயது. அவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று இருளப்பன் ஒருமுறை வார்டில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தது நினைவிருக்கிறது.

"எங்க மாமா சொன்னது நெசமா, டாக்டரம்மா?" என்றாள்.

"ஏன் கேக்குற?"

"எங்க அம்மைக்கு ட்ரம்மு கழுவும்போது நான் சின்னப்பிள்ள, பாத்திருக்கேன். கழுவிட்டு அவரே மொதல்ல ஒரு சொம்பு அள்ளிக் குடிச்சுப் பாப்பாரு. வெசம்னு தெரிஞ்சவன் குடிப்பானா?"

காரணம் கேட்பது உறவினரின் உரிமை. நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள். அழவில்லை.

"இது எங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இன்ஸ்பெக்டரு இப்ப உங்ககிட்ட வந்து கேப்பாரு. மாமா சொன்னது உண்மைன்னு நீங்க சொன்னா, அது காரணப் பழி. அண்ணனச் சீக்கிரம் விட்டுருவாங்க. பொய்யின்னு சொன்னா வெறுங்கொலை. வக்கீலு சொன்னாரு." என் முகத்தை நேராகப் பார்த்தாள். "நெசத்தச் சொன்னா ஜெயிலுக்குப் போறதுக்குள்ள அவன் செத்துப்போவான் டாக்டரம்மா. அவன எனக்குத் தெரியும். மாமா போயிட்டாரு. இவனும் போகணுமா?"

"உங்க மாமா பேரு காலத்துக்கும் கெட்டுப்போகும், மாரிக்கனி. தங்கச்சிக்குத் தெரிஞ்சே வெசம் குடுத்தவன்னு சொல்லுவாங்க."

"அவருக்கு அது வேணும்னுதான அப்படிச் சொன்னாரு" என்றாள்.

போர்ட்டிகோவில் மைக் எல்லாம் இல்லை. இன்ஸ்பெக்டர் சங்கிலியைக் கைவிலங்கோடு கூட்டி வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே, மரத்தடியில், டீக்கடை ஓரத்தில் என்று ஆண்கள் இருவரும் மூவருமாக நின்றார்கள். அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் தெரியும்.

"மேடம், சட்டப்படி கேக்கேன்" என்றார் அவர். உண்மை என்ன என்று என் அறையில் உட்கார்ந்து காதால் கேட்டவர் அவர். என் கண்ணைப் பார்க்காமல் கேட்டார். "இருளப்பன் சொன்னது உண்மைதானா?"

"ஆமா" என்றேன். "தெரிஞ்சேதான் செஞ்சிருக்கான்."

சாட்சிப்பெட்டி வந்த பிறகு நான் சொன்ன முதல் பொய் அது. அதில் யாரும் சாகவில்லை.

உடம்பைக் கொண்டு வந்து கிடத்தினார்கள். சங்கிலி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நான் தொடமாட்டேன். நாய் திங்கட்டும்" என்றான்.

மாரிக்கனி அவன் முன்னால் போய் நின்றாள். "கால்மாட்டுல பிடிண்ணே" என்றாள். அவன் அசையவில்லை. "உனக்கு நடை பழக்குனவரு. பிடி."

இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றிவிட்டார். சங்கிலி குனிந்து காலைப் பிடித்தான். தலைப்பக்கம் மாரிக்கனி பிடித்தாள். தூக்க முடியவில்லை, கனத்த உடம்பு. அப்போது கேட்டுக்கு வெளியிலிருந்து ஒருவன் வந்தான். வார்டில் சோறு பிசைந்த அந்தத் தம்பிதான். தோளைக் கொடுத்தான். மரத்தடியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். டீக்கடை ஓரத்திலிருந்து இன்னும் சிலர். கடைசியில் இடமில்லாமல், தூக்கியவர்களின் முதுகைத் தொட்டுக்கொண்டு நடந்தார்கள்.

"இவுகல்லாம் எதுக்கு வாறாக?" என்று சங்கிலி கேட்டான்.

"பாத்து நட, படி இருக்கு" என்றாள் மாரிக்கனி.